வாசனையில்லாத மாத்திரை

விழுங்கிவிட்டேன் என்று டெய்சி நம்பிவிட்டாள். "முழுங்கிட்டியளா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன், டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்துக் காட்டினேன், அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறாள். மாத்திரை நாக்குக்கு அடியில் இருக்கிறது. கசக்கிறது. கசக்கட்டும், அதுவும் ஒரு தகவல்தான். "சத்து மாத்திரைங்க, பி காம்ப்ளெக்ஸ்," என்று தினமும் ஒரே மாதிரி சொல்லித்தான் கொடுக்கிறாள், ஞாயிறு பள்ளிக்கூடத்தில் மனப்பாட வசனம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. பி காம்ப்ளெக்ஸ் வாயில் போட்டதும் முதலில் இனிக்கும், மேலே சர்க்கரைப் பூச்சு. அதற்கு முன்னால் டப்பாவைத் திறக்கும்போதே அந்த வாசனை வரும், ஈரச் சாக்கில் முட்டை உடைந்த மாதிரி, விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் மதியச் சாப்பாடுவரை போகாது. முப்பத்து மூன்று வருஷம் அந்த வாசனையில் நின்றவன் நான். அருமைநாயகம். ஊர் கம்பவுண்டர் என்று கூப்பிட்டது, சர்வீஸ் புத்தகத்தில் மருந்தாளுநர் என்று எழுதியிருந்தது. என்னிடமே வந்து இதை பி காம்ப்ளெக்ஸ் என்கிறாள் என் மனைவி. கைக்குட்டையில் துப்பிப் பார்க்கிறேன். மஞ்சள். உருண்டை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. வாசனை கிடையாது. இன்னொன்று, பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் மூத்திரம் பளிச்சென்று மஞ்சளாகப் போகவேண்டும், அதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று பயந்து ஓடிவந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அப்படிப் போகவில்லை. இன்று காலையிலும் கவனித்தேன். ஆகவே பொய் சொல்கிறாள். நாற்பத்தாறு வருஷம் என்னோடு இருந்தவள் ஏதோ ஒரு மருந்தை வேறு பெயர் சொல்லி எனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்காருகிறேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டே கால். அடுக்களையில் குழாய் ஓடுகிறது. மாத்திரையை அட்டையோடு கொண்டுவந்தால் அட்டையின் பின்பக்கம் பெயர் இருக்கும், நான் வாசித்துவிடுவேன், அதனால்தான் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு வெள்ளை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், பசை மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது, அதில் தூசி ஒட்டியிருக்கிறது. வெற்று அட்டை குப்பைக் கூடையில் கிடக்கிறதா என்று பார்த்தேன். எப்போது பார்த்தேன்? நேற்றா, அதற்கு முன்னாலா? வெங்காயத் தோலும் டீத்தூளும்தான் இருந்தன. குப்பையை ஹெப்சி தானே எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் கொட்டிவிட்டு வருகிறாள். கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகள், மாப்பிள்ளையையும் பிள்ளையையும் அங்கே விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு குப்பை கொட்டுகிறாள். எதற்கு வந்தாள்? கேட்டேன். "சும்மாதான்பா, வீட்டுலருந்தே வேல பாக்கலாம்னு சொல்லிட்டாவ," என்றாள். அவளும் என் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தாள். அம்மாவும் மகளும் ஒரே பொத்தானைப் பார்க்கிறார்கள். அவள் வந்த பிறகுதான் ஸ்கூட்டர் சாவி ஆணியில் இல்லை. அவள் வந்த பிறகுதான் வாசல் கேட்டுக்குப் புதுப் பூட்டு. நான் குளித்துவிட்டு வரும்போது இரண்டு பேரும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள், நான் நிலைப்படியில் கால் வைத்ததும் ஒருத்தி மிக்ஸியைப் போடுவாள். மிக்ஸிக்குள் எதுவும் இருக்காது. ஒருநாள் பார்த்துவிட்டேன், வெறும் ஜாடி ஓடிக்கொண்டிருந்தது.

சந்தேகப்படுகிறேன் என்கிறார்கள். சந்தேகப்படாத கம்பவுண்டர் கொலைகாரன். எண்பத்தேழில் என்று நினைவு, நான் அப்போது ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே எழுபது எண்பது பேர், மழைக்காலம், எல்லோருக்கும் காய்ச்சல் சளி. மாத்திரையெல்லாம் அப்போது ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் வரும், எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மணி ஒன்றுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு மேசையைத் துடைக்கும்போது பார்க்கிறேன், சளி மாத்திரை டப்பா இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கரை வியாதி மாத்திரை டப்பா. இரண்டும் வெள்ளை, இரண்டும் பொடிசு. கடைசியாக யாருக்குக் கொடுத்தேன்? பச்சை ரவிக்கை போட்ட ஒரு பெண், இடுப்பில் நாலு வயசுப் பெண்பிள்ளை, மூக்கு ஒழுகிக்கொண்டு. பெயர் நினைவிருக்கிறது, சீட்டில் மாடத்தி என்று இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனால் பஸ் போய்விட்டது. மழையில் மிதித்தேன், ரயில்வே கேட்டில் பஸ் நின்றது, ஏறி உள்ளே போய் பச்சை ரவிக்கையைத் தேடிப் பிடித்துக் காகிதப் பொட்டலத்தை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்து கொடுத்தேன், பத்தும் இருந்தது. நனைந்துபோய் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் "என்ன கம்பவுண்டர் ஐயா, காசு எதுவும் தரணுமா?" என்று கேட்டாள் பாவம். அதற்குப் பிறகு ஒவ்வொரு டப்பாவையும் மூன்று தடவை பார்ப்பேன், எடுக்கும்போது, எண்ணும்போது, திருப்பி வைக்கும்போது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். அவள் மூக்கு ஒழுகினது நினைவிருக்கிறது. பச்சை ரவிக்கை, மாடத்தி, பத்து மாத்திரை. இதெல்லாம் நினைவிருக்கிறவனுக்கு என்ன குறை? காலையில் என்ன சாப்பிட்டேன்? இட்லி. இட்லிதான் இருக்கும். தட்டைக் கழுவிவிட்டார்கள், இப்போது சரிபார்க்க முடியாது.

என்னைக் கேள்வி கேட்ட அந்த ஆள் வந்ததைப் பற்றி யோசிக்க வேண்டும். இல்லை, அவன் வரவில்லை, நாங்கள்தான் போனோம், காரில், ஹெப்சி ஓட்டினாள், ஒரு ஏசி அறை, மேசை மேல் பிளாஸ்டிக்கில் செய்த மனித மண்டை. வயசு நாற்பதுகூட இருக்காது. "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். நான் சிரித்தேன். "நாம இப்ப எந்த மாடியில இருக்கோம்?" என்றான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான். நான் வாழ்க்கை முழுக்க மில்லிகிராம் கணக்குப் பார்த்தவன், தொண்ணூற்று மூன்று என்றேன், அப்புறம் அவன் மேசையைப் பேனாவால் தட்டிக்கொண்டே இருந்தான், அந்தச் சத்தம் கணக்கைக் கலைத்துவிட்டது. பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னான். வரைந்தேன். வட்டம் நன்றாகத்தான் வந்தது. எண்களைப் போட்டேன். போட்டு முடித்ததும் அவன் ஹெப்சியைப் பார்த்தான், ஹெப்சி ஜன்னலைப் பார்த்தாள். தாளின் அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். எதற்குக் கையெழுத்து? வக்கீலாக இருக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. மனுஷனுக்குப் புத்தி சரியில்லை என்று எழுதி வாங்கிவிட்டால் வீட்டை விற்கலாம், டெய்சியைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், என்னை, என்னை என்ன செய்வார்கள்? மாத்திரை கொடுப்பார்கள். மஞ்சளாக, வாசனையில்லாமல். அட, இதை யோசிக்கும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஹெப்சி ஏழு மாதத்தில் பிறந்தவள், பஞ்சில் சுற்றி வைத்து நான்தான் சொட்டு மருந்து விடுகிற பில்லரால் பால் விட்டேன், அவளைப் பற்றியா இப்படி நினைக்கிறேன்? ஆனால் அவள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறாளே. கண்ணைப் பார்த்துப் பேசினால் நான் ஏன் இப்படியெல்லாம் நினைக்கப் போகிறேன்?

சரி. ஆளைப் பற்றி யோசிக்காதே, மருந்தைப் பற்றி யோசி. மருந்து பொய் சொல்லாது. உடம்பு என்ன சொல்கிறது? ஒன்று, குமட்டல், காலையில் தட்டைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு, வயிறு இளகிப் போகிறது. மூன்று, கெண்டைக்காலில் பிடித்து இழுக்கிறது. நான்கு, கனவு. இப்படிக் கனவு எனக்கு வந்ததே இல்லை, கண்ணை மூடினால் ரோஸ் கலர் வயிற்றுவலி மிக்ஸரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், பாட்டில் நிறையவில்லை, ஜாடியும் குறையவில்லை, ஜன்னலில் நிற்கிறவர்களுக்கு முகமே இல்லை, எல்லாம் நேரில் நடக்கிற மாதிரி அவ்வளவு தெளிவு. ஐந்து. ஐந்து என்ன? நாடி. மணிக்கட்டில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டில் தெருவில் மீன்காரன் கத்தினான், விட்டுவிட்டேன். மறுபடி. முப்பது வரைக்கும் வந்து, முள் எங்கே இருந்து ஆரம்பித்தது என்று மறந்துவிட்டது. இந்தத் தடவை முள் பன்னிரண்டில் வரட்டும் என்று காத்திருந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கை பெருவிரலை மடக்கி நிமிர்த்தி, வாய்விட்டு எண்ணினேன். நாற்பத்தெட்டு. திரும்பவும் பார்த்தேன். நாற்பத்தெட்டுதான். எனக்கு எப்போதும் எழுபத்திரண்டு. பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு அறுபத்து நாலு. அந்தப் பிரஷர் மாத்திரை எனக்குத் தெரியும், அட்டெனோலால், பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன், அது நாடியைக் குறைக்கும், ஆனால் இவ்வளவு குறைக்காது. இன்னொன்று சேர்ந்து குறைக்கிறது. குமட்டல், பேதி, தசைப்பிடிப்பு, கனவு, நாடி இறக்கம். இந்த ஐந்தும் சேர்ந்து வரும் ஒரு மருந்து உண்டு. எனக்குத் தெரியும். நானே கொடுத்திருக்கிறேன். பெயர்?

பெயர் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போகிறேன். ஆஸ்பத்திரி ஸ்டோரில் இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பேன், ஆம்பிசிலின், ஆஸ்பிரின், அட்ரோபின். அட்ரோபின் கொடுத்தால் நாடி ஏறும், அதற்கு நேர் எதிரானது இது. எதிரானது, எதிரானது என்று சொல்லிக்கொண்டே அடுத்த தட்டுக்குப் போகிறேன், டிகாக்சின், அதுவும் நாடியை இறக்கும், ஆனால் அது வெள்ளை, அது இல்லை. பூட்டு போட்ட சின்ன அலமாரியில் விஷ மருந்துகள், அதன் சாவி என் இடுப்பில் இருக்கும், இப்போது இடுப்பில் தடவினால் வேட்டி மடிப்புதான் இருக்கிறது, சாவியை யாரிடம் ஒப்படைத்தேன்? இந்த மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. ஆமாம், அங்கே இல்லவே இல்லை, அதனால்தான் அந்த அலமாரியில் கிடைக்கவில்லை. ரிடையர் ஆனபிறகு சமாதானபுரத்தில் ஒரு மெடிக்கல் கடையில் ஆறு வருஷம் நின்றேனே, அங்கே. கண்ணாடி டிராயர். மேலிருந்து மூன்றாவது. ஒரு ஆள் மாதா மாதம் ஐந்தாம் தேதி வருவார், ஒல்லியாக, கக்கத்தில் குடையோடு, பேங்கில் வேலை, பெயர் தானியேல். அவருடைய அப்பாவுக்கு வாங்குவார். அப்பா பெரிய தமிழாசிரியர், ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். "ஐயா, இது எதுக்கு எதுக்குன்னு அப்பா நோண்டி நோண்டிக் கேக்காவ, என்ன சொல்ல?" என்று அந்த ஆள் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். நான் சட்டென்று சொன்னேன், கூட்டமாக இருந்தது, யோசிக்கக்கூட இல்லை. "சத்து மாத்திரைன்னு சொல்லிக் கொடுங்க சார்," என்றேன். டோனெபெசில். வந்துவிட்டது. டோனெபெசில். ஐந்து மில்லிகிராம், பத்து மில்லிகிராம். வந்ததும் ஒரு கணம் எவ்வளவு சந்தோஷம், எழுந்து நின்றே விட்டேன், பார்த்தீர்களா, கண்டுபிடித்துவிட்டேன், என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று. நின்ற பிறகுதான் அந்த மருந்து எதற்கு என்பதும் வந்தது. தமிழாசிரியர் தன் மகனையே "தம்பி யாரு, எந்த ஊரு?" என்று கேட்பாராம். மறதி வியாதிக்குக் கொடுப்பது. குணமாக்காது, கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.

அந்த ஏசி அறை ஆள் வக்கீல் இல்லை. மேசை மேல் மண்டை வைத்திருப்பவன் வக்கீலாக எப்படி இருப்பான்? கடிகாரத்தில் எண்களை எங்கே போட்டேன் என்று இப்போது பார்க்க முயல்கிறேன். பன்னிரண்டு மேலே. ஒன்று, இரண்டு, எல்லாம் வலது பக்கத்திலேயே, பதினொன்றுவரை வலது பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு, இடது பக்கம் வெறிச்சென்று. அதைத்தான் ஹெப்சி பார்க்கமுடியாமல் ஜன்னலைப் பார்த்தாள். விஷமாக இருந்திருந்தால் துப்பிவிட்டு வீட்டைவிட்டுப் போயிருக்கலாம். இதைத் துப்பி என்ன செய்ய? நாடி நாற்பத்தெட்டு. அதை மறக்கக்கூடாது, இரண்டு மருந்தும் சேர்ந்து இதயத்தை மெதுவாக்குகிறது, இன்னும் இறங்கினால் குளியலறையில் மயங்கி விழுவேன், இடுப்பெலும்பு போகும். இதைச் சொல்லியாக வேண்டும். இப்போதே. அடுக்களைக்குப் பத்தடி தூரம். பத்தடிக்குள் மறந்துவிட்டால்? டோனெபெசில், அட்டெனோலால், நாற்பத்தெட்டு. டோனெபெசில், அட்டெனோலால், நாற்பத்தெட்டு. சாப்பாட்டு மேசையைக் கடக்கும்போது மேசை விரிப்பு கோணலாக இருந்தது, அதை இழுத்து நேராக்கப் போன கையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். டோனெபெசில், அட்டெனோலால்.

டெய்சி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை விரித்து அவள் முன்னால் வைத்தேன். "ஏட்டி, இது டோனெபெசில்," என்றேன். "பிரஷருக்கு அட்டெனோலாலும் சாப்பிடுதேன். நாடி நாப்பத்தெட்டு இருக்கு. டாக்டர்ட்ட உடனே சொல்லணும்." அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை பொத்தானை இல்லை, நேராக முகத்தை. "கண்டுபிடிச்சிட்டியளா," என்றாள். "ஏன் பொய் சொன்ன?" என்று சத்தம் போட்டேன். "எங்கிட்டயே பி காம்ப்ளெக்ஸ்னு சொல்லுதியே, நான் என்ன பச்சப்பிள்ளையா? எனக்கு வந்திருக்குற வியாதிய எங்கிட்ட சொல்ல மாட்டியளா ரெண்டு பேரும்?" டெய்சி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும் துடைத்தாள். "சொன்னோம்ங்க," என்றாள். "மொதல்ல ஹெப்சிதான் ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு எல்லாத்தயும் சொன்னா. ரெண்டு நாள் நீங்க ஒரு வாய் சாப்பிடல. மூணாம் நாளு எந்திரிச்சி, ஹெப்சி எதுக்கு வந்திருக்கான்னு கேட்டிய. ரெண்டாவது தடவ நீங்களே அட்டைய வாசிச்சிட்டிய. ரூம்பு கதவச் சாத்திக்கிட்டு அழுதிய. நான் வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன். மறுநாள் ஒங்களுக்கு அது இல்ல, காப்பி கேட்டிய, பேப்பர் படிச்சிய. எனக்குத்தான் அது அப்படியே இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொரு தடவயும் ஒங்களுக்குப் புதுசா சாவு விழுந்த மாதிரி இருக்கு. நான் எத்தன தடவதான் ஒங்களுக்கு அந்தச் சேதி சொல்லுவேன்? அதான் அட்டைய மறைச்சோம்." நான் அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டேன். இதற்கு முன்னால் இரண்டு தடவை. இதே இடத்தில், இதே மாதிரி நின்று, இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேனா? அந்த இரண்டு நாளும் எங்கே போயிற்று? துழாவித் துழாவிப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. இவள் சொல்வது உண்மையா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம் அவள் கண்ணுக்குக் கீழே பார்த்தேன், கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது. அது பொய் இல்லை.

ஹெப்சி கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஓடி வந்தாள், அம்மா சொன்னதைக் கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவளும் எண்ணினாள், ஐம்பது என்றாள், போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்று பேசினாள், முதல் தடவையாக எனக்குக் கேட்கும்படி. அந்தப் பக்கம் அந்த இளவயசு டாக்டர். பிரஷர் மாத்திரை என்ன என்று அன்றைக்கு அவர் கேட்டபோது நான்தான் வேறு ஏதோ பெயர் சொல்லியிருக்கிறேன், கம்பவுண்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். "இன்னைக்கு ரெண்டயும் நிறுத்திருங்க, சாயங்காலம் ஈசிஜி எடுக்கக் கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டு பிரஷருக்கு வேற மாத்தித் தாரேன்," என்று சொன்னாராம். ஹெப்சி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அப்பா, நாடி பாத்தது யாருன்னு டாக்டர் கேக்காரு," என்றாள். "என்ன சொன்ன?" என்றேன். "எங்கப்பான்னு சொன்னேன்." சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயசு, நரை தெரிகிறது. இவளைப் போயா அப்படி நினைத்தேன்? எப்படி நினைத்தேன்? ஏதோ நினைத்தேன், தப்பாக ஏதோ, அது என்னவென்று இப்போது பிடிபடவில்லை, வெட்கம் மட்டும் இருக்கிறது.

அவள் தன் வேலைக்குத் திரும்பிப் போனாள். டெய்சியும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம், நடுவில் அந்த வெள்ளை டப்பா. "மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கச் சொன்னா நான் என்ன செய்ய?" என்றாள். "நாளைக்கு ஒங்களுக்கு இது இருக்காதே. உண்மையச் சொல்லவா, வேண்டாமா? நீங்களே சொல்லிருங்க." நல்ல கேள்வி. ஜன்னலுக்கு வெளியே நின்று யார் யாரோ கேட்ட கேள்விதான். நான் யோசித்தேன், இந்தத் தடவை அவசரப்படாமல். கதவைச் சாத்திக்கொண்டு அழுத அந்த ஆளை எனக்குத் தெரியாது, ஆனால் அவன் மேல் பரிதாபமாக இருந்தது. கதவுக்கு வெளியே நின்றவளைத் தெரியும். "சொல்லாத," என்றேன். "ஆனா பி காம்ப்ளெக்ஸ்னு சொல்லாத, எனக்கு வாசன தெரியும். ஃபோலிக் ஆசிட்னு சொல்லு. அதுவும் மஞ்சள், இதே அளவு, வாசன கிடையாது. ரத்தத்துக்குன்னு சொல்லு." "போலிக் ஆசிட்," என்றாள். "போலி இல்லட்டி, ஃபோலிக்." "அதான், போலிக்." நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், கண் நிறைய தண்ணீரோடு. "எங்க, சொல்லிப் பாரு," என்றேன். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டி, "இது ரத்தத்துக்குங்க," என்றாள், பொத்தானைப் பார்த்து. "என்னப் பாத்துச் சொல்லு. பொத்தானப் பாத்தா நான் கண்டுபிடிச்சிருவேன்." மறுபடி சொன்னாள், பாதியிலேயே சிரித்துவிட்டாள். "யாரு எழுதிக் குடுத்தான்னு நான் கேப்பேன், அதுக்கும் பதில் வச்சிக்கோ. மறுபடி சொல்லு."

ஜன்னலில் வெயில் ஏறிவிட்டது. ஃபோலிக் ஆசிட் எத்தனை எண்ணியிருப்பேன், செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பிணிப் பெண்கள் வருவார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக, கண்ணாடி வளையல் சத்தம், ஒருத்தி முந்தானையில் புளியங்காய் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள், "ஐயா இது எதுக்கு?" என்று கேட்பாள், "ரத்தத்துக்கும்மா, புள்ள நல்லா இருக்கும்," என்பேன், ஒரு கையில் முப்பது முப்பதாக எண்ணிப் போடுவேன், மஞ்சள் மஞ்சளாகத் தட்டில் உருளும், வேப்பமரத்து நிழல் ஜன்னலுக்குள் வந்து என் மேசை மேல் ஆடும், மணி பதினொன்று ஆகும்போது நர்சம்மா டீ கொண்டுவருவாள், வரிசை இன்னும் கிணற்றடிவரை நிற்கும். வளையல் சத்தம் கேட்கிறது. ஒரு கை என் முன்னால் நீண்டிருக்கிறது, உள்ளங்கையில் சின்ன மஞ்சள் மாத்திரை. "ஏங்க, இது ரத்தத்துக்கு. போலிக் ஆசிட். நம்ம டாக்டர்தான் எழுதிக் குடுத்தாரு," என்று டெய்சி சொல்கிறாள், என் கண்ணை நேராகப் பார்த்து, நிதானமாக. சரி, ஃபோலிக் ஆசிட், தெரிந்த மாத்திரைதான், இந்த வயசில் ரத்தம் குறையத்தான் செய்யும். எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "ஐயோ, இன்னைக்கு வேண்டாம்னு டாக்டர் சொன்னாருல்ல! சும்மா சொல்லித்தான பாத்தோம்?" என்கிறாள். மாத்திரையை என் விரலிலிருந்து பிடுங்குகிறாள். முகம் வெளுத்துப் போயிருக்கிறது. இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள்? ரத்தத்துக்கான மாத்திரைதானே, தானே கொடுத்தாள், தானே ஏன் பறிக்கிறாள்? "எந்த டாக்டர்?" என்று கேட்டேன். அவள் என் கையை விட்டு எழுந்து திரும்பி நின்று அந்த மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். முடிந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.